மாம்பிங்காவும் நாலு மீன் டின்னும்

செடி பார்க்கப் போகிற வீட்டில் மாம்பிங்கா அதிகம் பேச மாட்டாள். படலருகே நின்று வீட்டுக்காரனின் குலப்பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பாள். அதோடு சரி. நேராகச் செடியிடம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். முதலில் அடி இலை, அப்புறம் நடு இலை, கடைசியில் குருத்து. ஒவ்வொன்றையும் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பாள். கையில் ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கும். கடற்கரைக்கு வந்த எவனோ உடைத்துப் போட்டுவிட்டுப் போன தொலைநோக்கியில் இருந்து கழற்றியது. அதைக் கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டு அவள் குனிந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்காரன் வாயைத் திறந்தால் போச்சு.

"நீ அப்புறமா பொய் சொல்லு. முதல்ல இது உண்மையைச் சொல்லட்டும்" என்பாள்.

லுசிகிசிகி டவுனில் இருந்து கடல் பக்கமாக இறங்கும் மலைகளில் கஞ்சாச் செடி இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். சோளக்கொல்லை ஓரத்தில் நாலு, பூசணிக்கொடி நடுவே இரண்டு என்று எங்கேயாவது நிற்கும். முன்பெல்லாம் ஒளித்து வளர்த்தார்கள். ஒளித்து வளர்த்த செடிக்கு நோய் வந்தால் யாரிடம் சொல்வது? சொன்னவன் மாட்டிக்கொள்வான். சொந்தத்துக்கு வீட்டில் வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்த பிறகுதான் ஆட்கள் வாய்விட்டுப் புலம்ப ஆரம்பித்தார்கள். நேற்று நன்றாக நின்றது, இன்றைக்குத் தொங்குகிறது, இலை வெளுக்கிறது, நுனி கருகுகிறது. அந்தப் புலம்பல்தான் மாம்பிங்காவின் பெயரை மலைக்கு மலை தூக்கிக்கொண்டு போனது. அவளுடைய சொந்தப் பெயர் நொதெம்பிலே. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. பிறந்த குலத்தின் பெயரே நின்றுவிட்டது.

அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு நாள் கஞ்சாவை அழிக்கப் போலீஸ் ஹெலிகாப்டர் வந்து பள்ளத்தாக்கு முழுக்க மருந்து தெளித்துவிட்டுப் போனது. பெரியவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதார்கள், திட்டினார்கள். இவள் மட்டும் தினமும் காலையில் அப்பனின் செடிகளைப் போய்ப் பார்த்தாள். நாலு நாள் ஒன்றுமே தெரியவில்லை. ஐந்தாம் நாள் குருத்து வெளுத்தது. அப்புறம் மஞ்சள் மேலேயிருந்து கீழே இறங்கியது. செடி, சோளம், புல், பூசணி, எதற்கும் பாகுபாடு இல்லை. செத்துப்போவதிலும் ஒரு வரிசை இருக்கிறதே என்று அந்தப் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஐம்பத்தி நாலு வயதிலும் அந்த வாய் இன்னும் மூடவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

தப்பும் செய்திருக்கிறாள். சில வருஷத்துக்கு முன்னால் ஒருவனின் செடிகள் தொங்கிக் கிடந்தன. வேர் அழுகிவிட்டது, பிடுங்கிப் போடு என்று நின்ற இடத்திலேயே சொன்னாள். அவன் பதினான்கையும் பிடுங்கினான். பிடுங்கிய வேர் ஒவ்வொன்றும் வேகவைத்த சோளக்குருணை மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தது. தண்ணீர் தாகம், அவ்வளவுதான். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் சாயங்காலம் எழுந்து நின்றிருக்கும். அந்த மனிதன் வேர்களை அவள் காலடியில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அன்றிலிருந்து கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பி அவள் தீர்ப்புச் சொல்வதில்லை.

இந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஸொலேகா மலை ஏறி அவள் வீட்டுக்கு வந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நியாவூசாவின் மகள். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"மாம்பிங்காம்மா, சனிக்கிழமை மாட்டைத் திருப்பி ஓட்டப்போறாங்க."

"எந்த மாட்டை?"

"என் மாட்டை."

மாம்பிங்கா வாயில் இருந்த நீளப் புகைக்குழாயை எடுத்துக் கீழே வைத்தாள். பெண்ணுக்குப் பரிசமாக வந்த மாடு திரும்பிப் போனால் கல்யாணம் போனது என்று அர்த்தம். கோக்ஸ்டாட் பக்கத்துப் பையன் ஒட்வாவின் வீட்டார் டிசம்பர் தொடக்கத்தில் ஆறு மாட்டை லாரியில் கொண்டுவந்து இறக்கியதை அவளும் பார்த்தாள். பாட்டும் ஆட்டமுமாக ஊரே நின்றது. வருகிற பிப்ரவரியில் ஸொலேகா அந்த வீட்டுக்குப் போகவேண்டும்.

"எதுக்காம்?"

"அப்பாவோட செடி ஒன்பதும் கோணிக்கிச்சு. மாடு வந்தது, புது வருஷம் பொறக்கறதுக்குள்ள செடி பூராவும் கோணிக்கிச்சு. அந்த வீட்டு மூதாதைங்களுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கல, மாட்டோட எதையோ அனுப்பி வச்சிருக்காங்கன்னு சொல்றார். ஃபலாகே சித்தப்பா வேற பக்கத்துல உக்காந்து எண்ணெய் ஊத்தறார்."

"அந்த ஒட்வா எப்படி?"

"நல்லவன்மா." கொஞ்சம் யோசித்து, "சமைப்பான்" என்றாள்.

"சமைப்பானா? அப்ப காப்பாத்த வேண்டிய ஆளுதான்."

மறுநாள் காலையில் போனாள். நியாவூசாவின் வீட்டில் மாட்டுத் தொழுவம் வாசலுக்கு எதிரே முள்வேலி போட்டு இருக்கிறது. வேலியோரம் ஒரு காய்ந்த புல் கட்டு. அதன்மேல் நியாவூசாவின் தம்பி ஃபலாகே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வேலை வெட்டி இல்லாதவன், வாய் மட்டும் ஓயாது.

"டாக்டரம்மா வந்தாச்சு! ஊசியா, மாத்திரையா?"

"உனக்குன்னா ஊசி. அதுவும் மாட்டு ஊசி" என்று சொல்லிக்கொண்டே மாம்பிங்கா கொல்லைக்குள் போனாள்.

அடி இலை பச்சையாக, அகலமாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. உரம் போதாத பசியாக இருந்தால் கிழட்டு இலைதான் முதலில் மஞ்சளடிக்கும். அது இல்லை. நடு இலையும் சுத்தம். மேலே போகப் போகத்தான் கோளாறு தெரிந்தது. குருத்து இலைகள் விரியவே இல்லை. ஓரம் உள்பக்கமாக மடிந்து கிண்ணம் மாதிரி குவிந்திருந்தன. சில இலைகள் கோழிக்கால் மாதிரி ஒடுங்கி, விரல் விரலாக முறுக்கிக்கொண்டு நின்றன. தண்டு நேராக வளர்ந்து வந்து ஒரு இடத்தில் திடீரென்று வளைந்து, தரையைப் பார்த்து, மறுபடியும் மேலே திரும்பியிருந்தது. யாரோ அதைக் கூப்பிட்டு வழி மாற்றிவிட்டதைப் போல.

கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். சிலந்திப் பூச்சி இல்லை, நூலாம்படை இல்லை, புள்ளி இல்லை. விரலால் மண்ணைக் கிளறி ஒரு வேரை இழுத்தாள். வெள்ளை வேர். நல்ல மண் வாசனை. ஒன்பது செடியிலும் அதே கதை. இத்தனை வருஷத்தில் அவள் இதைப் பார்த்ததில்லை. பயம் வந்தது. பயத்தோடு, இப்படியும் ஒரு செடியால் முடியுமா என்று கூர்ந்து பார்க்கவும் தோன்றியது.

எழுந்து முழங்காலைத் தட்டினாள். நியாவூசா கைகட்டி நின்றுகொண்டிருந்தான். நெட்டையான ஆள், சிரிக்கத் தெரியாத முகம்.

"நியாவூசா, இதுக்கு என்ன போட்டே?"

"எப்பவும் போடறதுதான்."

"எப்பவும் போடறதைப் போட்டிருந்தா எப்பவும் போல இருக்கணுமே."

"நான் என்ன, பொய் சொல்றேனா? மாடு வந்துச்சு, செடி கோணிச்சு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு? சனிக்கிழமை லாரி வருது."

எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஒரு சங்கதியை மட்டும் மறைப்பார்கள். அதில்தான் நோய் இருக்கும்.

நியாவூசாவின் மனைவி மாடியா சாப்பிடக் கூப்பிட்டாள். சோளக்களியோடு கீரை கிளறி வைத்திருந்தாள். மாம்பிங்கா ஒரு வாய் வைத்ததும் மாடியா குறைப்பட்டுக்கொண்டாள்.

"கீரைக்கு ஓடைக்கரை வரைக்கும் போகவேண்டியதாப் போச்சு. நம்ம கொல்லையில பறிக்கவே முடியல. சுருட்டிச் சுருட்டிக்கிட்டுக் கிடக்கு."

மாம்பிங்கா மெல்லுவதை நிறுத்தினாள்.

"எங்க?"

"செடி நிக்கிற இடத்துலதான். வா, நீயே பாரு."

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். காலையில் செடியையே பார்த்துக்கொண்டிருந்தவள் காலடியைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். செடியைச் சுற்றித் தானாக முளைத்த கீரைகள் எல்லாம் அதே மாதிரி குவிந்து, முறுக்கி, தலையைத் தொங்கப்போட்டிருந்தன. ஊசிமுள் செடியும் அப்படியே. ஆனால் நடுவில் வளர்ந்திருந்த புல்? முழங்கால் உயரம். கத்தி மாதிரி நேராக, பளபளவென்று நின்றது. பக்கத்தில் சோளம் ஆள் உயரத்துக்கு ஒரு வளைவு இல்லாமல் நின்றது. செடியின் தண்டிலிருந்து ஒரு எட்டு தள்ளி வந்தால் அதே கீரை இலையை விரித்துக்கொண்டு சிரித்தது.

மாம்பிங்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஹெலிகாப்டர் தெளித்தது எல்லாவற்றையும் கொன்றது. இது ஆள் பார்த்துப் பிடிக்கிறது. குறுகின இலையை விட்டுவிட்டு அகல இலையை மட்டும் தொடுகிறது. அவளுடைய புருஷன் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு பருவம் பெரிய பண்ணை ஒன்றில் மருந்து அடிக்கிற வேலைக்குப் போயிருந்தான். மேய்ச்சல் காட்டில் அடித்தால் முள்செடி எல்லாம் முறுக்கிக்கொண்டு செத்துப்போகும், புல்லுக்கு ஒன்றும் ஆகாது, மாடு பின்னாலேயே வந்து மேயும் என்று அவன் ஒரு நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் நம்பவில்லை. குடித்துவிட்டு உளறுகிறான் என்று நினைத்தாள்.

"நியாவூசா! இங்க வா!"

வந்தான்.

"ஒவ்வொரு செடியைச் சுத்தியும் ஒரு வட்டம் தெரியுது பாரு. வட்டத்துக்குள்ள கீரை கோணியிருக்கு, வெளிய நேரா இருக்கு. மேலிருந்து அனுப்பின சாபம் வாளி அளவுக்கு வட்டம் போடுமா? இது ஊத்தினது. என்ன ஊத்தினே?"

அவன் முதலில் தொழுவத்தைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். கடைசியில் தரையைப் பார்த்தான்.

"அந்த மாடு இங்க வந்து போட்ட முதல் சாணி" என்றான் மெதுவாக. "என் பொண்ணுக்கு வந்த மாடு. அதோட முதல் சாணி கண்டவன் கொல்லைக்குப் போகணுமா? ரெண்டு வாரச் சாணியைத் தனியா அள்ளிப் பீப்பாயில ஊறப்போட்டேன். என் செடிக்கு நானே ஊத்தினேன்."

"ஏன் சொல்லல?"

"சாணியைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியவா?"

மாடியாவுக்கே இது தெரியாது. கட்டிக்கொண்டு வந்தவள், மூதாதையர் உறைகிற அந்த வீட்டுத் தொழுவத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. உள்ளே நடப்பது அவனுக்கும் மாட்டுக்கும் மூதாதையருக்கும் மட்டும்தான் தெரியும்.

சட்டென்று நியாவூசா நிமிர்ந்தான்.

"அப்ப மாட்டுலதானே வந்துச்சு! நீயே சொல்லிட்டே! நான் சொன்னதும் அதுதான்!"

வேலியோரம் இருந்து ஃபலாகே கையைத் தட்டினான். "நல்ல டாக்டரம்மா! நோயாளியைச் சாகடிக்கத்தான் வந்தாங்க போல!"

கொல்லை வாசலில் நின்றிருந்த ஸொலேகாவின் முகத்தை மாம்பிங்கா பார்த்தாள். ரத்தம் சுண்டிப்போய் இருந்தது. தான் கண்டுபிடித்ததே அந்தப் பெண்ணின் கழுத்தை நெரிக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. மாட்டின் வழியாகத்தான் வந்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மாடு கொண்டுவந்ததா, மாட்டின் வயிற்றில் ஏறிக்கொண்டு வந்ததா?

"அந்த ரெண்டு வாரம் மாடு என்ன தின்னுச்சு?"

"லாரியிலயே ஒட்வா வீட்டுக்காரங்க இருபது கட்டுப் புல்லு அனுப்பியிருந்தாங்க. புது இடம், பழகற வரைக்கும் போடுங்கன்னு. அது தீரப்போற நேரத்துல மலைக்கு ஓட்டிட்டேன்."

"ஒரு கட்டாவது மிச்சம் இருக்கா?"

மாடியா மோவாயை நீட்டிக் காட்டினாள். "அதோ, நம்ம ஃபலாகே அடைகாத்துக்கிட்டு இருக்கானே."

ஃபலாகே பாம்பு மேல் உட்கார்ந்தவன் மாதிரி எகிறிக் குதித்தான். கால்சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் தட்டிவிட்டுக்கொண்டான். ஸொலேகாவுக்குக்கூட அந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

மாம்பிங்கா நாலு காலி மீன் டின் கேட்டாள். அடியில் ஆணியால் ஓட்டை போட்டாள். பக்கத்தில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று, நாலு என்று கீறினாள். எல்லாவற்றிலும் ஓடைக்கரை மண். ஒன்றாவது டின்னில் தொழுவத்தின் அடியில் கிடந்த பழைய சாணி கொஞ்சம் கலக்கவேண்டும். நியாவூசாவின் சொந்த மாடு போன வருஷம் போட்டது. இரண்டாவதில் பீப்பாயின் அடியில் மிஞ்சிய கசடு. மூன்றாவதில் அந்தக் கட்டில் இருந்து ஒரு பிடிப் புல், பொடிப்பொடியாக வெட்டி. நாலாவதில் புது மாடு இன்று காலையில் போட்ட சாணி. மலைப்புல் தின்று போட்டது.

"நாலுலயும் பீன்ஸ் விதை ஊனணும். பீன்ஸ் இலை ரொம்ப ரோஷக்காரி. மண்ணுல, மேய்ச்சல் காட்டுல களைக்கு அடிக்கிற மருந்து இருந்தா விரியற இலையிலேயே காட்டிக்கொடுத்துடும். ரெண்டும் மூணும் கோணினா குத்தம் புல்லுல. நாலாவது கோணினா குத்தம் மாட்டுல."

"எத்தனை நாள் ஆகும்?"

"பன்னெண்டு நாள்."

"சனிக்கிழமை லாரி வருதுன்னு சொன்னேன்."

"சொன்னே. லாரி போய் அங்க மாட்டை இறக்கும். ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே? உங்க செத்தவங்க சூனியக்காரங்கன்னு சொல்லுவியா, அவங்க வீட்டு வாசல்ல நின்னு? சொல்லிட்டு வந்து ஒரு மாசம் கழிச்சுத் தப்புன்னு தெரிஞ்சா அந்த வார்த்தையை எந்த லாரியில ஏத்தித் திருப்பிக் கொண்டாருவே?"

நியாவூசாவின் தாடை இறுகியது.

"நாலாவது கோணினா நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள் மாம்பிங்கா. "கோக்ஸ்டாட் வரைக்கும். நடந்தே. மாம்பிங்கா சொன்னா செய்வா."

அவன் குனிந்து டின்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். பிறகு, "தண்ணி நான்தான் ஊத்துவேன். வேற கை படக்கூடாது" என்றான். சம்மதித்துவிட்டான் என்று அர்த்தம்.

தொழுவத்துக்குள் போய்ச் சாணி எடுத்துவர மாம்பிங்காவால் முடியாது. மாடியாவாலும் முடியாது. ஃபலாகே நாலு எட்டுப் பின்னால் போய்விட்டான். அவனுக்கு இப்போது கட்டும் பயம், சாணியும் பயம். அந்த வீட்டில் பிறந்த பெண், இன்னும் அந்த வீட்டை விட்டுப் போகாதவள், உள்ளே போகலாம். ஸொலேகா தானே போனாள். தனக்காக வந்த மாட்டின் சாணியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து டின்னில் போட்டாள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் மாம்பிங்கா எந்தக் கொல்லைக்கும் போகவில்லை. வேறு வீட்டுச் செடி பார்க்கக் கூப்பிட்டவர்களிடம் அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டாள். நாலாவது டின் கொஞ்சமாகக் கோணினால் என்ன செய்வது? மாட்டின் குடலில் அந்த மருந்து எத்தனை நாள் தங்கும் என்று யாருக்குத் தெரியும்? கண்ணை மூடினால் பதினான்கு வெள்ளை வேர்கள் வரிசையாகக் கிடந்தன.

ஐந்தாம் நாள் ஸொலேகா போனில் கூப்பிட்டாள்.

"முளைச்சிடுச்சும்மா. நாலும் ஒரே மாதிரி இருக்கு."

"அது விதையோட பருப்பு, வயித்துலயே கொண்டுவந்த சோறு. அதை நம்பாதே. அடுத்த இலை வரட்டும். வந்தாலும் எனக்குச் சொல்லாதே. நான் வந்து பார்த்துக்கறேன்."

பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் கிளம்பினாள். ஓடையைத் தாண்டி மேடு ஏறும்போதே கோழிக்கூண்டின் கூரை தெரிந்தது. டின்களை அங்கேதான் வைத்திருந்தார்கள், வெயில் படட்டும் என்று. கிட்டே போனாள். மூன்று டின்தான் இருந்தது.

ஒரு கோடு போட்ட டின்னில் மூன்று கன்றும் இலையை அகலமாக விரித்து, உள்ளங்கையை வானத்துக்குக் காட்டுவது மாதிரி நின்றன. இரண்டாவதில் மூன்றும் கூனிப்போய், இலை விரியாமல் முஷ்டியாக மடங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது, அந்த வெறும் புல் கலந்தது, இன்னும் மோசம். தண்டு சுருண்டு இலை நரம்பெல்லாம் ஒன்றாகச் சுருங்கிப் போயிருந்தது. ஒரே விதைப்பை, ஒரே மண், ஒரே வெயில். ஒரு பிடிக் காய்ந்த புல். மலைக்கு அப்பால் எங்கேயோ, எப்போதோ, யாரோ அடித்த மருந்து. அது புல்லில் ஏறி, காய்ந்து, கட்டாகி, லாரியில் வந்து, மாட்டின் வாயில் போய், நாலு வயிற்றையும் தாண்டி வெளியே விழுந்து, பீப்பாயில் ஊறி, வாளியில் ஏறி, வேருக்குள் போய், குருத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வழியில் யாரும் அதைப் பார்க்கவில்லை. மாட்டுக்குத் தெரியவில்லை, மனுஷனுக்குத் தெரியவில்லை. நேற்று முளைத்த இலைக்குத் தெரிந்துவிட்டது.

மாம்பிங்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் நாலாவது எங்கே?

"காலையில இருந்து அவருகிட்டதான் இருக்கு" என்றாள் மாடியா, சமையல் கொட்டகை வாசலில் நின்று. "எங்களைக் கிட்ட விடல. ஒரு வார்த்தை பேசல."

நியாவூசா தொழுவத்தின் வாசல் கட்டையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பாதங்களுக்கு நடுவே டின். மாம்பிங்கா பக்கத்தில் போய்க் குனிந்தாள். மூன்று கன்று. இலை ஒவ்வொன்றும் ஒன்றாவது டின்னை விடப் பெரிசு. ஒரு மடிப்பு இல்லை. ஒன்றின் நுனி கொடி வீசத் தொடங்கி, அவன் கணுக்காலைத் தேடிக்கொண்டிருந்தது.

அவள் கண்ணாடியை எடுக்கவே இல்லை. தேவைப்படவில்லை.

"மாம்பிங்கா" என்றான் அவன், தலை நிமிராமல். "அதுங்க அந்தப் புல்லை ரெண்டு வாரம் தின்னுச்சுங்க. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. கொழுத்துத்தான் நிக்குது."

"மாட்டை அது ஒண்ணும் பண்ணல."

"வயித்துல சுமந்துக்கிட்டு வந்து..."

"இறக்கி வச்சிட்டுச் சும்மா இருந்துடுச்சுங்க. அதுங்களுக்கும் தெரியாது, ஒட்வா வீட்டுக்கும் தெரியாது."

"நான்தான் அதுங்க காதுபட என்னென்னவோ பேசிட்டேன். மாட்டையும் பேசினேன், அந்த வீட்டுச் செத்தவங்களையும் பேசினேன்."

ஸொலேகா தாய்க்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். ஃபலாகே தூரத்தில் நின்று கழுத்தை நீட்டினான். கட்டு இருந்த பக்கம் அவன் போவதை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

நியாவூசா டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். வாசல் கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டு உள்ளே போனான். தொப்பியைக் கழற்றினான். முதலில் தன் குலத்தின் பெயர்களைச் சொன்னான். அப்புறம் ஒட்வாவின் குலத்தின் பெயர்களைச் சொன்னான். ஒன்று விடாமல், தடுமாறாமல். எப்போது மனப்பாடம் செய்தானோ. கரகரத்த குரலில் வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்:

"நான் சொன்னதை நானே எடுத்துக்கறேன். இதோ, உங்க மாட்டு மேல குத்தம் இல்லைன்னு இது சாட்சி."

டின்னை மேலே தூக்கிப் பிடித்தான். வெள்ளை முகத்துப் பசு ஒன்று, ஆறிலும் மூத்தது, மெதுவாக நடந்து வந்தது. மோந்து பார்த்தது. நாக்கை நீட்டி மூன்று கன்றையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி, வேரோடு இழுத்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றது.

"அண்ணே!" என்று கத்தினான் ஃபலாகே. "சாட்சியைத் தின்னுடுச்சு!"

மாடியா தோள்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஸொலேகாவின் சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நியாவூசா காலி டின்னை உற்றுப் பார்த்தான். சிரிக்கத் தெரியாத அந்த முகத்தில் ஏதோ ஒன்று மூலையில் இழுத்தது.

மாம்பிங்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பசுவின் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நின்ற மாதிரியே நின்றாள், வாயைப் பிளந்துகொண்டு. அது போட்ட சாணியில் முளைத்தது. முளைத்தது நேராக நின்று அதைக் காப்பாற்றியது. காப்பாற்றியதை அது தின்றுவிட்டது. நாளைக் காலையில் மறுபடியும் சாணியாக விழும்.

பிறகு செடிகளைப் பார்க்கப் போனார்கள். ஏழு செடி தேறாது. பிடுங்கி எரித்துவிடச் சொன்னாள். எருக்குழியில் போட்டால் அடுத்த வருஷம் பீன்ஸும் தக்காளியும் கோணும். பீப்பாய்க் கசடைப் புல் மட்டும் முளைக்கிற சரிவில் கொட்டச் சொன்னாள். அந்தக் கொல்லையில் இரண்டு வருஷம் சோளம் மட்டும் போடச் சொன்னாள். கடைசி வரிசையில் இரண்டு செடிக்குப் பீப்பாயின் மேல்தண்ணீர் கொஞ்சம்தான் கிடைத்திருந்தது போல. கோணலுக்கு மேலே, புதிதாக வந்த குருத்தில் ஒரு இலை, ஏழு விரலையும் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. மாம்பிங்கா அதை விரலால் தொடாமல் மூச்சால் தொட்டாள்.

"அந்தக் கட்டை என்ன பண்றது?" என்று கேட்டாள் மாடியா.

"ஃபலாகே உக்கார வச்சுக்கட்டும். அவன்கிட்ட முளைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

ஸொலேகா அப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நியாவூசா தொப்பியைத் தலையில் வைத்து, இழுத்துச் சரிசெய்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அந்தப் பையனுக்குப் போன் போடு. சொன்ன தேதியில வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு."

இரண்டு எட்டு நடந்து திரும்பினான்.

"கைய வீசிக்கிட்டு வந்தாப் போதும். புல்லு கொண்டாரக்கூடாது."